முறைப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை முழுக்க என் அண்ணனை ‘அவன்’ என்றுதான் சொல்லப்போகிறேன். நேரில் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், சின்ன வயதிலிருந்து வாய்க்குப் பழகிப்போயிற்று. ஆனால் இதை நினைத்தாலே வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றை வைத்துக்கொண்டு ‘அவர், இவர்’ என்றெல்லாம் எனக்கு வராது.

நான் பஸ் டிப்போவில் சீட் தைக்கிறேன். கிழிந்த ரெக்ஸினை உரித்து, நசுங்கிப்போன ஃபோமை எடுத்து வீசி, புதிதாக வெட்டிவைத்து, மேலே புது ரெக்ஸினை இழுத்துத் தைத்து, அடிப்பக்கம் பின் அடித்து அனுப்ப வேண்டும். ஊரில் எவனுக்கு யார் மேல் கோபம் வந்தாலும் கடைசியில் பிளேடு விழுவது என் சீட்டின் மேல்தான். சிலர் காதலியின் பெயரைக் கீறுகிறார்கள். சிலர் காரணமே இல்லாமல் கீறுகிறார்கள். அவர்கள் எல்லோரையும் வாயாரத் திட்டிக்கொண்டேதான் தைப்பேன். என் சத்தம் கேட்கவில்லை என்றால் அன்றைக்கு மெஷின் ரிப்பேர் என்று ஷெட்டில் புரிந்துகொள்வார்கள்.

அண்ணன் அதே டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது வெளியே போக வேண்டும், எப்போது உள்ளே வர வேண்டும் என்று சொல்கிறவன். சொல்லிச் சொல்லி அவனுக்கு அது ஒரு வியாதியாகிவிட்டது. டிப்போவின் செஸ் அணிக்கும் அவன்தான் கேப்டன். வருஷா வருஷம் குடிநீர் வாரியம், ஆஸ்பத்திரி, மின்சார அலுவலகம் என்று எல்லா அணிகளோடும் லீக் நடக்கும். அணிக்கு நாலு பேர். அவன் முதல் பலகை, நடுவில் இரண்டு டிரைவர்கள், நான் நாலாவது பலகை.

என்னை டிப்போவில் ‘டிராக்கா’ என்று கூப்பிடுவார்கள். இந்த வருஷம் நான் ஆடிய ஆட்டம் ஒவ்வொன்றும் டிரா. ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் வந்து குனிவான். “டிரா கேளு” என்பான். கேப்டன் அப்படிச் சொல்லலாம், லீக்கில் அதற்கு அனுமதி உண்டு. அணிக்கு அரைப் புள்ளி போதும் என்று கணக்குப் போட்டுத்தான் சொல்கிறான் என்று நானும் கேட்டுவிடுவேன். எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே கை கொடுப்பார். நான் காய்களை டப்பாவில் போட்டுவிட்டு எழுந்து வருவேன்.

வருஷத்தின் நடுவில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காதவருக்கு அடுத்த வருஷம் அணியில் இடமில்லை என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவன் அண்ணன்தான். நல்ல விதியாக இருக்கிறதே என்று நானும் கை தூக்கினேன். வெளியே வந்த பிறகுதான் டிங்கர் அண்ணன், பஸ் பாடியின் நெளிசலைத் தட்டி நிமிர்த்துகிறவர், என் காதில் சொன்னார். “ஏம்மா, ஜெயிக்காத ஆளு டீம்லயே நீ ஒருத்திதான். உனக்கு நீயே குழி வெட்டிட்டு வந்திருக்க.” அவருக்குப் பாதி காது கேட்காது. அதனால் காதில் சொல்வதையும் கத்தித்தான் சொல்வார். மொத்த டிப்போவும் கேட்டது.

என் இடத்துக்கு யார் வரப்போகிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அண்ணியின் தம்பி. அண்ணனுக்கு மச்சினன். புதிதாக டிக்கெட் செக்ஷனில் சேர்ந்திருந்தான். செஸ் ஆடுவான், ஆனால் காயை நகர்த்திவிட்டுப் பிறகுதான் யோசிப்பான். பழக்க ஆட்டத்தில் அவன் டிரா செய்தால் “பையன் நிதானமா ஆடுறான்” என்பான் அண்ணன். நான் டிரா செய்தால் “இவளுக்கு ஜெயிக்கத் தெரியல” என்பான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஊருக்கெல்லாம் உட்கார சீட் தைத்துக் கொடுக்கிறவளுக்கு ஒரு சீட் கிடையாதாம்.

போகட்டும் என்று விடலாம்தானே, செஸ்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் எழுந்தால் வீட்டு வேலை, பகலில் ரெக்ஸின் நாற்றம், சாயங்காலம் மறுபடியும் வீட்டு வேலை. அந்தப் பலகையின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும்தான் ஒருவரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். என் முறை வந்தால் நானே யோசிப்பேன், நானே நகர்த்துவேன். அந்த ஒரு நாற்காலியை விட எனக்கு மனசில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். அதற்கு முன்னால் எங்கள் ஷெட்டின் செஸ் செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல செட்டுகள் எல்லாம் மனமகிழ் மன்றத்தின் அலமாரியில் இருந்தன. சாவி கேப்டனிடம். ஷெட்டுக்கு வந்தது ஒரு கழித்துப்போட்ட செட். அதில் யானை, குதிரை எல்லாம் எங்கெங்கோ தொலைந்துபோய், கடைசியில் மிஞ்சியது இரண்டு ராஜாவும் சில சிப்பாய்களும்தான். மத்தியானம் சாப்பிட்ட கையோடு நானும் டிங்கர் அண்ணனும் அதை வைத்தே ஆடுவோம். அவருக்கு ஒரு ராஜா, எனக்கு ஒரு ராஜா, நடுவில் நாலைந்து சிப்பாய். வருஷக்கணக்காக அதே ஆட்டம். மற்றவர்கள் செஸ் என்றால் முதல் நகர்த்தலிலிருந்து படித்தார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வால்தான், ஆனால் அந்த வாலை நாங்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டோம்.

அதில் ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நின்றுவிட்டால், இரண்டும் ஒன்றை ஒன்று தாண்ட முடியாது. பக்கத்தில் போகவும் முடியாது, ராஜாவும் ராஜாவும் ஒட்டி நிற்கக் கூடாது என்பது சட்டம். அப்போது யார் முறையோ அவர் நகர்ந்தே ஆக வேண்டும். நகர்ந்தால் வழி விட்டாயிற்று. வேறெந்த நேரத்திலும் முறை வருவது லாபம். இந்த ஒரு இடத்தில் மட்டும் முறை வருவதே நஷ்டம். புத்தகம் படித்தவர்கள் இதற்கு ‘ஆப்போசிஷன்’ என்பார்கள். ஷெட்டில் நாங்கள் வைத்த பெயர் ‘முறைப்பு’. முறைப்பில் எவன் முதலில் கண்ணை எடுக்கிறானோ அவன் போனான்.

கடைசி ஆட்டம் குடிநீர் வாரியத்தோடு. சங்கக் கட்டடத்தின் மாடி ஹால். ஒரு பக்கம் நாலு மேசை போட்டு ஆட்டம், மறுபக்கம் மேடை கட்டிப் பரிசளிப்புக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதிரே அவர்களுடைய பம்ப் ஆபரேட்டர். நல்ல மனிதர். வாயில் பெப்பர்மிண்ட் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் ஒரு பெருமூச்சு விடுவார். மற்ற மூன்று பலகைகளிலும் ஆட்டம் முடிந்துவிட்டது. அண்ணன் ஜெயித்தான், ஒருவர் தோற்றார், ஒருவர் டிரா. ஆளுக்கு ஒன்றரை. நான் டிரா செய்தாலே வருஷக் கணக்கில் எங்கள் அணிக்குக் கோப்பை. எனக்கு மட்டும் டிரா போதாது. ஜெயித்தால் அணியில் இருப்பேன், இல்லையென்றால் அடுத்த வருஷம் மச்சினன் ஆடுவதை நின்று வேடிக்கை பார்ப்பேன்.

பலகையில் ஆளுக்கொரு யானை, ராஜா, என்னிடம் கூடுதலாக ஒரே ஒரு சிப்பாய். பம்ப் ஆபரேட்டர் ஒரு பெரிய பெருமூச்சு விட்டு, தன் யானையைக் கொண்டுவந்து என் யானைக்கு நேரே வைத்தார். மாற்றிக்கொள்ளலாம் என்று அர்த்தம். தன் ராஜா என் சிப்பாயின் வழியில் நிற்கிறதே, ஒற்றைச் சிப்பாய் என்ன செய்துவிடும் என்று நினைத்துவிட்டார். யானையை யானையால் வெட்டினேன், அவர் என் யானையை வெட்டினார். தூசி அடங்கியதும் பலகையில் மிச்சம் என்ன? எங்கள் ஷெட் செட்!

இப்போது ஒரே நேர்க்கோட்டில் மேலிருந்து கீழே பார்த்தால், அவருடைய ராஜா, ஒரு காலிக் கட்டம், என் ராஜா, ஒரு காலிக் கட்டம், என் சிப்பாய். முறைப்பு நிற்கிறது. முறை என்னுடையது. ராஜாவை நகர்த்த வேண்டியிருந்தால் கண்ணை எடுத்தவள் நானாகியிருப்பேன். ஆனால் என் ராஜாவுக்குப் பின்னால் ஒரு காலிக் கட்டம் இருக்கிறதே. சிப்பாயை ஒரு படி மேலே வைத்தால் போதும், ராஜா அசையாமல் முறை அவரிடம் போய்விடும். அதற்காகவே அந்தச் சிப்பாயை இவ்வளவு நேரமும் தள்ளாமல் வைத்திருந்தேன். ரெக்ஸின் வெட்டும்போது தையலுக்கு என்று ஓரத்தில் கொஞ்சம் விடுவோம், அதைப் போல. ஓரம் விடாமல் வெட்டியவன் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் சீட் உருப்படாது.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் நிழல் விழுந்தது.

“டிரா கேளு,” என்றான் அண்ணன்.

நான் தலையை ஆட்டினேன்.

“சொல்றது கேக்குதா? கேட்டுட்டு எந்திரி. சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு. மேனேஜர் வாட்சைப் பார்த்துக்கிட்டு இருக்காரு.”

மேடையில் ஒருவர் மைக்கைத் தட்டி “ஹலோ, ஹலோ” என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். “எங்கிட்ட சிப்பாய் இருக்கு. அவர்கிட்ட ஒண்ணும் இல்ல. நான் எப்படி ஆடினாலும் தோக்க முடியாது. டிராவுக்குக் கீழ எதுவும் போகாது. அப்புறம் எதுக்கு இப்பவே டிரா?”

ஒற்றை ராஜாவை வைத்துக்கொண்டு உலகத்தில் எவனும் யாரையும் ஜெயித்ததில்லை. அணிக்கு இதில் ஒரு துளி ஆபத்தும் கிடையாது. இது முதல் பலகைக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைக்க வந்து நிற்கிறான்.

அவன் நிமிர்ந்தான். என் தலைக்கு மேலாகக் கையை நீட்டினான். “சார், டிராதான் சார். கை குடுங்க,” என்றான்.

பம்ப் ஆபரேட்டர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பின்னால் கைதட்டல் கேட்டது. யாரோ “கோப்பை நமக்குத்தான்டா!” என்று கத்தினார்கள். நாற்காலிகளை இழுக்கும் சத்தம். என் ஆட்டம் முடிந்துவிட்டதாம். என் கை என் மடியில் இருந்தது.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்? அவன் ஜெயித்த ஆட்டத்தை அவன் இப்படி ஒருவனுக்குத் தூக்கிக் கொடுப்பானா? என் ஆட்டம் என்றால் எடுத்து நீட்டுவதற்குக் கை எவ்வளவு தாராளமாக வருகிறது! காது இரண்டும் சூடாகி, கண் முன்னால் பலகை மங்கியது. அழுகை வரும்போல இருந்தது. கோபத்தில் எனக்கு அழுகைதான் முதலில் வரும், அதுவும் எனக்குப் பிடிக்காது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சினன் காய்களை எடுத்து டப்பாவில் போட ஆரம்பித்திருந்தான். வெட்டுப்பட்ட காய்களைப் போட்டு முடித்துவிட்டு, என் சிப்பாயை எடுக்கக் கையை நீட்டினான்.

“கையை எடு,” என்றேன்.

“அக்கா, டிரா ஆயிடுச்சுல்ல?”

“கையை எடுடா!”

மைக்கில் “ஹலோ” நின்றது. ஹால் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அதை யாரும் நிறுத்தவில்லை. என் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்திவிட்டு, “நடுவர்!” என்று கூப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற குரல் எனக்கு.

நடுவர் ஒரு வங்கியின் காசாளர். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்திருக்கும் ஒல்லியான அம்மாள். அவசரமே இல்லாமல் நடந்து வந்தார்.

“டிரா யாரு கேட்டது?”

“நான்தான் மேடம்,” என்றான் அண்ணன். “நான் கேப்டன்.”

“நீங்க ஆட்டக்காரர்கிட்ட சொல்லலாம். கேக்கிறதும் கை குடுக்கிறதும் அவங்க வேலை.” என் பக்கம் திரும்பினார். “நீங்க கேட்டீங்களா?”

“இல்ல.”

“கை குடுத்தீங்களா?”

“இல்ல.”

அண்ணன் சிரித்தான். சமாளிக்கும்போது அவனுக்கு ஒரு சிரிப்பு உண்டு. பஸ் லேட்டாகப் பயணிகள் சண்டைக்கு வரும்போது அந்தச் சிரிப்பைத்தான் எடுத்து விடுவான். “மேடம், அவ என் கூடப் பிறந்த தங்கச்சி. அந்த உரிமையில குடுத்துட்டேன். இதுல என்ன இருக்கு?”

“வீட்டுல போய் உரிமையைக் கொண்டாடுங்க,” என்றார் நடுவர். “இங்க ஆட்டம் முடியல. கேப்டன் நாலடி தள்ளி நில்லுங்க. யாரு முறை?”

“என் முறை.”

“ஆடுங்க.” கடிகாரத்தை மறுபடியும் ஓடவிட்டார்.

பம்ப் ஆபரேட்டர் முகம் சுருங்கி உட்கார்ந்தார். பெப்பர்மிண்டை மெல்லுவதை நிறுத்திவிட்டார். மேனேஜர் முன் வரிசையிலிருந்து எழுந்து வந்து நின்றார். விருந்தினர்கூட மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார். என்னால் எல்லோருக்கும் நேரமாகிறது. ஆகட்டும்.

சிப்பாயை ஒரு படி மேலே வைத்தேன். முறைப்பு அப்படியே நிற்கிறது, முறை மட்டும் அவருடையது. அவர் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். ராஜாவை இந்தப் பக்கம் கொண்டுபோகலாமா, அந்தப் பக்கம் கொண்டுபோகலாமா என்று விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். கடைசியில் தன் ராஜாவை ஒரு பக்கம் ஒதுக்கினார். கண்ணை எடுத்துவிட்டார்!

அங்கேதான் எனக்கு உண்மையான சோதனை. உடம்பெல்லாம் கொதிக்கிறது. ராஜாவை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சிப்பாயை எடுத்து அண்ணன் முகத்துக்கு நேரே ஓட விட வேண்டும் என்று கை துடிக்கிறது. பின்னாலிருந்து யாரோ “சிப்பாயைத் தள்ளுக்கா, தள்ளு!” என்று வேறு கிசுகிசுக்கிறார்கள். தள்ளியிருந்தால் போச்சு. சிப்பாய் ராஜாவை முந்திக்கொண்டு ஓடினால் எதிரி ராஜா திரும்பி வந்து அதன் மூக்கின் முன்னால் உட்கார்ந்துகொள்வான். பிறகு தலைகீழாக நின்றாலும் டிராதான். ராஜாதான் முன்னால் போய் வழியைப் பிடிக்க வேண்டும். சிப்பாய் பின்னால் வந்தால் போதும். ஷெட்டில் ஆத்திரப்பட்டுத் தள்ளித் தள்ளித் தோற்றுத்தான் இதை நான் கற்றுக்கொண்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று டிங்கர் அண்ணன் கூவாத நாள் கிடையாது.

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். கோபம் எங்கும் போகவில்லை. போகட்டும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும், கட்டங்களை மட்டும் பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு கையை எடுத்து, ராஜாவை அவர் ஒதுங்கிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாகக் குறுக்கே ஏற்றினேன். அவர் பதறிக்கொண்டு ராஜாவைக் கடைசி வரிசைக்கு இழுத்துக்கொண்டார். நான் மறுபடியும் அவருக்கு நேரே போய் நின்றேன். மறுபடியும் முறைப்பு. மறுபடியும் அவர் முறை.

“எதுக்கு ராஜாவையே நடத்திக்கிட்டு இருக்கு இந்தப் பொண்ணு?” என்று மேனேஜர் யாரிடமோ கேட்டார். நான் ஒரு கணம் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தேன். அவன் பலகையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தது என்ன என்று தெரியாதவன்தான் பலகையைப் பார்ப்பான்.

அவர் ராஜா ஒரு பக்கம் ஒதுங்க, என் ராஜா மறுபக்கம் உள்ளே நுழைந்தது. சிப்பாய் நடக்க வேண்டிய கட்டங்கள் எல்லாம் இப்போது என் ராஜாவின் காவலில். அதன் பிறகுதான் சிப்பாயைத் தொட்டேன். ஒரு படி, இன்னொரு படி. பம்ப் ஆபரேட்டரின் ராஜா பக்கத்திலேயே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய முடியாமல் நின்றது. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு வந்தது.

“ராணியைக் குடு,” என்றேன் மச்சினனிடம்.

அவன் டப்பாவில் கையை விட்டுத் துழாவினான். ராணி கிடைக்கவில்லையோ, பதற்றமோ, ஒரு யானையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து என் முன்னால் வைத்தான். பழக்க ஆட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

“தம்பி, கவுத்து வெச்சாலும் யானை யானைதான்,” என்றார் நடுவர். “ராணி எங்க?”

ஹாலில் சிரிப்பு கிளம்பியது. என் இடத்துக்கு வரவிருந்த ஆட்டக்காரனுக்கு இதுகூடத் தெரியவில்லை. அவன் காது சிவந்துபோய் டப்பாவை மேசை மேல் கொட்டினான். என் ராணி உருண்டு வந்தது. எடுத்து வைத்தேன்.

பம்ப் ஆபரேட்டர் தன் ராஜாவைப் படுக்கவைத்தார். எழுந்து கையை நீட்டினார். இந்த முறை என் கை போனது.

“அருமையான ஆட்டம்மா,” என்றார். நல்ல மனிதர் என்று சொன்னேனே, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. “எல்லாம் என் புத்தி. காலையில டீ குடிக்கும்போதே உங்க அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. ‘என் தங்கச்சிகிட்ட கடைசி யானையை மட்டும் மாத்திடாதீங்க. ராஜா, சிப்பாய் ஆட்டத்துக்குப் போனீங்கன்னா பொளந்துடுவா. யானையை வெச்சுக்கிட்டே இழுங்க, டிரா ஆயிடும்’னு. ஆஸ்பத்திரி டீம்லகூட இதையேதான் சொன்னாராம். அண்ணன் பாசத்துல பெருமை பேசுறாருன்னு நினைச்சு விட்டுட்டேன்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எடுத்து வைக்கக்கூட நிற்கவில்லை.

அண்ணன் மாடிப்படியின் பக்கத்தில், குடிதண்ணீர் ட்ரம் அருகே நின்றிருந்தான். டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கையில் வைத்திருந்தான், குடிக்கவில்லை.

“சந்தோஷமா?” என்றான். “எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்ட. சரி, ஜெயிச்சுட்ட. விடு.”

“நான் ஜெயிப்பேன்னு உனக்குத் தெரியுமா?”

“என்ன?”

“அந்த ஆட்டம் நான் ஜெயிக்கிற ஆட்டம்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

அவன் டம்ளரைப் பார்த்தான். “தெரியாம இருக்குமா? டிப்போலயே ராஜா, சிப்பாயில உன்னைத் தொட ஆளு இல்ல. என்னாலயும் முடியாது.”

என் வாழ்நாளில் அவன் வாயிலிருந்து என் ஆட்டத்தைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். அதற்கு எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்! வந்த இடத்தைப் பாருங்கள். இத்தனை நாளும் இவனுக்கு என் மேல் நம்பிக்கை இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்பிக்கை இல்லாதவனை மன்னித்துவிடலாம். இவன் நம்பியிருக்கிறான். நம்பி, பயந்து, ஊரெல்லாம் போய் எச்சரிக்கை கொடுத்து, என் ஒவ்வொரு ஆட்டத்தையும் தெரிந்தே அறுத்திருக்கிறான்.

“அப்புறம் ஏன்?” என்றேன். குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டேன்.

“வீட்டுல ஒரே நச்சரிப்பு. தம்பியை டீம்ல சேரு, தம்பியை டீம்ல சேருன்னு. யாரோட இடத்தை எடுத்துக் குடுக்க முடியும்? டிரைவருங்களோட இடத்தை எடுத்தா சண்டைக்கு வருவாங்க. நீ என் தங்கச்சி.” அவன் குரலில் ஒரு வெட்கமும் இல்லை. கேட்டால் புரிந்துகொள்வேன் என்பது போலவே பேசினான். “உன்கிட்டதானே உரிமையா எடுத்துக்க முடியும்?”

“கேட்டியா?”

“என்னது?”

“எடுத்தியே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

அவன் டம்ளரை ட்ரம்மின் மேல் வைத்தான். என் பதில் என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் என் கோபத்திலேயே பெரிய கோபம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ‘வீட்டுல பிரச்சினை, இந்த வருஷம் விட்டுக் குடு’ என்று ஒரு சாயங்காலம் வந்து சொல்லியிருந்தால், மூக்கைச் சிந்திக்கொண்டே சரி என்றிருப்பேன். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதைக் கேட்கும் சிரமம்கூட வேண்டாம் என்றுதான் முதுகுக்குப் பின்னால் வந்து குனிந்திருக்கிறான்.

“அண்ணா,” என்றேன். “நேத்து வரைக்கும் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். இனிமே கேட்டாலும் கிடையாது.”

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். உள்ளே மைக்கில் எங்கள் அணியைக் கூப்பிட்டார்கள். கேப்டன் முதலில் போவது வழக்கம். நான் அவனைத் தாண்டிக்கொண்டு நடந்து, முதல் ஆளாக மேடை ஏறினேன்.